கடுகை எப்படிப் பார்த்து அடையாளம் காண்பது?

கேள்வி இதுதான்: "கடையில் சின்னக் கடுகு, பெரிய கடுகு, மஞ்சள் கடுகு என்று தனித்தனியாக விற்கிறார்கள். சில சமயம் அதில் வேறு ஏதோ விதை கலந்த மாதிரியும் தெரிகிறது. எது எந்தக் கடுகு, எது கடுகே இல்லை என்று வீட்டில் இருந்தபடியே பார்த்துச் சொல்ல முடியுமா?"

பெரும்பாலும் முடியும். கடுகு இல்லாததைப் பிரித்து எடுப்பது சுலபம், அதுதான் முக்கியமும் கூட. கடுகுக்குள்ளேயே இனம் பிரிப்பது கொஞ்சம் சிரமம். சில இடங்களில் விதையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எல்லையையும் சேர்த்தே சொல்கிறேன்.

தேவையானவை: ஒரு வெள்ளைத் தாள், மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், எவர்சில்வர் கரண்டி ஒன்று, கொஞ்சம் பச்சைத் தண்ணீர். நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரி பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் கிடைத்தால் ரொம்ப நல்லது. கிடைக்காவிட்டால் கைப்பேசி கேமராவில் கிட்டப் போய் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் நிறத்தை ஒதுக்கி வையுங்கள். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், எல்லோரையும் ஏமாற்றுவதும் அதுதான். கடுகின் நிறம் முழுக்க முழுக்க மேல்தோலில் இருக்கிற நிறமியைப் பொறுத்தது. தோலில் நிறமி இருந்தால் பழுப்பு, செம்பழுப்பு, கிட்டத்தட்டக் கருப்பு என்று தெரியும். நிறமி இல்லாவிட்டால் தோல் கண்ணாடி மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கிற பருப்பின் மஞ்சள் வெளியே தெரியும். "மஞ்சள் கடுகு" என்பது அவ்வளவுதான். ஒரே இனத்தில் பழுப்பு விதை தருகிற ரகமும் இருக்கும், மஞ்சள் விதை தருகிற ரகமும் இருக்கும். போதாக்குறைக்கு, நன்றாக முற்றாமல் அறுத்த விதை சிவந்து தெரியும், ஈரத்தில் கிடந்த விதை சாம்பல் பூத்துத் தெரியும். ஒரே மூட்டையில் நாலு நிறம் இருந்தால் நாலு விதைகள் கலந்திருக்கின்றன என்று அர்த்தமில்லை.

அப்புறம் எதைப் பார்ப்பது? தோலின் மேற்பரப்பு, அளவு, தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது, நசுக்கினால் உள்ளே என்ன தெரிகிறது. இந்த நான்கும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

எல்லாக் கடுகுக்கும் பொதுவான உருவத்தை முதலில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். விதை உருண்டை, ஆனால் கச்சிதமான கோளம் இல்லை. லென்ஸில் பார்த்தால் ஒரு இடத்தில் சின்னப் புள்ளி மாதிரி ஒரு தழும்பு தெரியும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. பக்கவாட்டில் மிக லேசான ஒரு பள்ளம் ஓடும். இரவு ஊறவைத்த விதையின் தோலைக் காலையில் உரித்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் ஏன் என்று புரியும். உள்ளே இரண்டு பருப்புகளும் நீளவாக்கில் மடிந்து, ஒன்றை ஒன்று அணைத்தபடி இருக்கும், முளைவேர் அந்த மடிப்புக்குள் படுத்திருக்கும். இந்த மடிப்பு கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி உறவுக்காரச் செடிகளின் அடையாளம். கடுகு மாதிரித் தெரியும் வேறு குடும்பத்து விதைகளில் இது இருக்காது. இதை ஒரு தடவையாவது செய்து பாருங்கள். இவ்வளவு சின்ன விதைக்குள் அவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்திருப்பதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

இனி அளவு. ஒரு விதையை ஸ்கேலில் வைத்து அளக்க முயலாதீர்கள், தப்பாகத்தான் வரும். பத்து விதைகளை ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து மொத்த நீளத்தைப் பாருங்கள். அசல் கருங்கடுகு என்றால் வரிசை சுமார் 10 முதல் 15 மி.மீ. வரும். நாம் வழக்கமாகத் தாளிக்கிற பழுப்புக் கடுகு பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ. மேல்நாட்டு வெண்கடுகு 20 முதல் 25 மி.மீ. இந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதை மறக்க வேண்டாம். பழுப்புக் கடுகிலேயே 'பூசா போல்டு' போலப் பருத்த விதைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள் உண்டு. அதே இனத்தில் சிறுவிதை ரகங்களும் உண்டு. மணி பிடிக்கிற நேரத்தில் வெயில் ஏறிவிட்டாலோ தண்ணீர் குறைந்தாலோ பெரிய ரகமும் சூம்பிப்போய்ச் சின்னதாகத்தான் வரும். எனவே அளவு ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை.

இங்கே ஒரு பரவலான குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடையில் 'பிளாக் மஸ்டர்ட்' என்று அச்சடித்த பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் தாவரவியல் சொல்லும் கருங்கடுகு இல்லை. அசல் கருங்கடுகு பிராசிக்கா நைக்ரா. அது ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், காய் முற்றினால் வெடித்து விதை சிதறும், இயந்திரத்தில் அறுக்கத் தோதுப்படாது. அதனால் கடந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து உலகச் சந்தையில் அதன் இடத்தைப் பிராசிக்கா ஜன்சியா என்ற பழுப்புக் கடுகு பிடித்துக்கொண்டது. இந்தியாவில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஹரியானாப் பக்கம் பெருவாரியாக விளைவதும் இந்த ஜன்சியாதான். ராஜஸ்தான் இதில் முதலிடம். நைக்ராவை வடக்கே 'பனாரசி ராய்' என்பார்கள், அது கொஞ்சமாகத்தான் விளைகிறது. நம் ஊர்க் கடையில் சின்னக் கடுகு, பெரிய கடுகு என்று இரண்டு விலையில் விற்பதும் பெரும்பாலும் ஒரே ஜன்சியாவின் சிறுமணி, பெருமணி ரகங்கள்தான். சின்னதுதான் நாட்டுக் கடுகு, அதுதான் மணம் என்று பலர் தேடி வாங்குவார்கள். மணத்தில் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அது வேறு இனம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நைக்ராவையும் ஜன்சியாவையும் கண்ணால் பிரிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 1935இல் ஜப்பானில் வேலை பார்த்த ஊ நாகஹாரு என்ற கொரிய வம்சாவளி விஞ்ஞானி இந்தச் செடிகளின் உறவுமுறையை வெளியிட்டார். நைக்ராவுக்கு 16 குரோமோசோம், வடக்கே எண்ணெய்க்காக வளர்க்கிற ராபா என்ற சர்சோ வகைக்கு 20. இரண்டும் இயற்கையாக ஒட்டி உருவானது ஜன்சியா, அதற்கு 36. அதாவது நம் தாளிப்புக் கடுகு இரண்டு பெற்றோரின் சாயலையும் வைத்திருக்கிற பிள்ளை. தோலின் பின்னல் நைக்ராவை நினைவூட்டும், பருமன் ராபா பக்கம் சாயும்.

தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம். லென்ஸை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விதையைத் திருப்புங்கள். நேர்மேலே இருந்து வெளிச்சம் விழுந்தால் எந்த விதையும் மொழுமொழுவென்றுதான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் நைக்ராவின் தோலில் மீன்வலை போட்ட மாதிரி நுண்ணிய கட்டங்கள் துலக்கமாகத் தெரியும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னக் குழி. ஜன்சியாவிலும் அந்த வலை உண்டு, பல ரகங்களில் நன்றாகவே தெரியும். ராபா வகைகளில், அதாவது வடக்கே எண்ணெய்க்குப் பயிரிடுகிற தோரியா, சர்சோ விதைகளில், வலை மங்கிப்போய்த் தோல் வழவழப்பாக இருக்கும். தோலுக்குள் வரிசையாக நிற்கிற தூண் போன்ற செல்கள் சில உயரமாகவும் சில குட்டையாகவும் இருந்தால் மேலே வலை தெரியும், எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம் என்றால் மேற்பரப்பு சமமாகிவிடும். காரணம் அதுதான். இந்தச் செல் அமைப்பு சாயத்தாலும் ஈரத்தாலும் மாறுவதில்லை, ரகம் மாறினாலும் ஓரளவு நிலைத்திருக்கும். விதைப் பரிசோதனை மேசையில் நிறத்துக்கு முன்னால் தோலைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

மஞ்சள் விதைகள்தான் இன்னும் சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் வெண்கடுகு என்று கேட்டால் மஞ்சளாக ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: மேல்நாட்டு வெண்கடுகான சினாபிஸ் ஆல்பா, மஞ்சள் சர்சோ என்கிற ராபா, இல்லையென்றால் ஜன்சியாவின் மஞ்சள் ரகம். மூன்றையும் வெள்ளைத் தாளில் கொட்டினால் முதல் பார்வைக்கு ஒன்றுதான். இங்கே தண்ணீர் உதவும். ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு விதைகளைப் போட்டு, அவை நனைகிற அளவு மட்டும் பச்சைத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். சினாபிஸ் ஆல்பாவின் மேல்தோலில் பிசின் போன்ற பொருள் நிறைய உண்டு. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுக்கலான கண்ணாடிப் படலம் உருவாகியிருக்கும், விரலில் நூல் மாதிரி இழுபடும். மற்ற இரண்டிலும் வழுக்கல் குறைவு. அளவும் சேர்ந்து ஒத்துப்போனால், அதாவது பத்து விதை 20 மி.மீ.க்கு மேல் போய், வழுக்கலும் நன்றாக இருந்தால், அது ஆல்பா என்று தைரியமாகச் சொல்லலாம். ஜன்சியா மஞ்சள் பெரும்பாலும் அதைவிடச் சின்னதாக இருக்கும். சர்சோ பருத்து, வழவழப்பாக இருக்கும்.

இதோடு வாய் ஒரு சாட்சி சொல்லும். முழு விதையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. காய்ந்த கடுகுக்கு நெடியே கிடையாது. காரத்தின் மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கிற மைரோசினேஸ் என்ற என்சைம் வேறு இடத்திலும் தனித்தனியாக இருக்கும். நசுக்கி, தண்ணீர் பட்டால்தான் இரண்டும் சேர்ந்து நெடி பிறக்கும். எனவே ஒரு சிட்டிகையை நுணுக்கி, பச்சைத் தண்ணீர் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், சூட்டில் என்சைம் செத்துவிடும். நைக்ரா, ஜன்சியா இரண்டிலும் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும், ஏனென்றால் அவற்றில் உருவாகும் பொருள் காற்றில் ஆவியாகும். ஆல்பாவில் உருவாகிற பொருள் ஆவியாகாது, நாக்கில் மட்டும் சுள்ளென்று இருக்கும், மூக்கு சும்மா இருக்கும். ராபா இரண்டையும்விடச் சாது. கவனியுங்கள், இந்தச் சோதனையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். கீழே சொல்லப்போகிற விஷ விதை கலக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் நாக்கில் வைக்கலாம்.

அந்த விதை பிரம்மதண்டு. சில ஊர்களில் குடியோட்டிப்பூண்டு என்பார்கள், தாவரப் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. மெக்சிகோ பக்கமிருந்து வந்து இந்தியா முழுக்கப் பரவிய முள்செடி. தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவோடு நிற்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வடக்கே கடுகு அறுவடையாகிற பருவத்தில் இதுவும் வயலில் முற்றி நிற்கும். விதை உருண்டை, கரும்பழுப்பு, அளவும் கிட்டத்தட்டக் கடுகின் அளவு. சலித்தாலும் பிரியாது. தானாகக் கலப்பதும் உண்டு, விலைக்காக வேண்டுமென்றே கலப்பதும் உண்டு.

இதில் சாங்குவினாரின் என்ற நஞ்சு இருக்கிறது. எண்ணெயில் கலந்து உடம்புக்குள் போனால் கால்கள் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் தளரும், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். எபிடெமிக் டிராப்சி என்ற இந்த நோய் 1877லேயே கல்கத்தாவில் பதிவானது. 1998 ஆகஸ்டு, செப்டம்பரில் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் சாப்பிட்டு 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். கடுகெண்ணெயில் சமைக்கிற வீடுகளில்தான் ஆபத்து பெரிது, தாளிக்க ஒரு ஸ்பூன் போடுகிற நம் சமையலில் உள்ளே போகிற அளவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆவக்காய் மாதிரி ஊறுகாய்க்குக் கடுகைக் கைகையாக அரைத்துப் போடுகிறோமே, அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஊறுகாய்க்குக் கடுகு வாங்கினால் தாளில் கொட்டிப் பார்க்காமல் அரைக்கவே அரைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடுகைத் தாளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கடுகின் வலைப்பின்னல் லென்ஸில்தான் தெரியும். பிரம்மதண்டு விதையின் சொரசொரப்பு வெறும் கண்ணுக்கே தெரியும், விரல் நுனியில் உருட்டினாலும் தட்டுப்படும். அதன் குழிகள் ஆழம், விளிம்புகள் மேடு. முழு உருண்டையாகவும் இருக்காது, ஒரு முனை லேசாகக் கூர்ந்து மூக்கு மாதிரி நீண்டிருக்கும். சந்தேகமான விதையை எடுத்துக் கரண்டியின் அடிப்பாகத்தால் வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குங்கள். கடுகு என்றால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு என்றால் உள்ளே வெள்ளை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வீட்டுச் சோதனைகளுக்கு வெளியிட்ட கையேட்டிலும் இந்த இரண்டு அடையாளங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்றால், கடுகுத் தோலுக்குள் முழுக்க நிறைந்திருப்பது மஞ்சளான பருப்பு, அதாவது செடியின் கரு. பிரம்மதண்டில் கரு மிக மிகச் சின்னது, மீதியெல்லாம் வெள்ளையான எண்ணெய்ச் சேமிப்பு. கருப்புக் கடுகு, மஞ்சள் கடுகு எதுவானாலும் உள்ளே மஞ்சள்தான். எனவே இந்த ஒரு சோதனைக்கு நீங்கள் இனம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றிரண்டு விதை கிடைத்தாலும் மொத்தத்தையும் ஒதுக்கி வையுங்கள், பொறுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் சொல்லுங்கள்.

மற்ற போலிகள் இவ்வளவு ஆபத்தில்லை. கேழ்வரகு கடுகோடு கலந்திருந்தால் செங்கடுகு மாதிரியே தெரியும், ஆனால் நசுக்கினால் மாவாகப் பொடியும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. எண்ணெயில் வெடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேழ்வரகும் பொரியும். கீரை விதை பளபளப்பான கருப்பு, ஆனால் தட்டை, சுற்றிலும் ஓரம் கட்டியிருக்கும். நாய்க்கடுகு அல்லது நாய்வேளை என்கிற செடியின் விதை பெயரில் மட்டும்தான் கடுகு. சிறுநீரக வடிவில் வளைந்து, ஒரு பக்கம் வெட்டு விழுந்து, மேலே குறுக்கே சுருக்கச் சுருக்கமாக வரி ஓடும். உத்தராகண்டில் இதை 'ஜக்யா' என்று சொல்லித் தாளிக்கவே செய்கிறார்கள், நஞ்சு இல்லை.

இன்னொரு வகை ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது மாடித்தோட்டத்துக்காக. பெயர் எழுதாத டப்பாவில் உருண்டை விதை இருக்கிறது, கடுகா, முட்டைக்கோஸா, காலிஃபிளவரா? முள்ளங்கி என்றால் பெரியதாக, கோணல்மாணலாக, இளஞ்சிவப்புப் பழுப்பில் இருக்கும், பிரித்துவிடலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் ஒரே இனம். விதையைப் பார்த்து அவற்றைப் பிரிக்கவே முடியாது, கடுகிலிருந்து பிரிப்பதும் நிச்சயமில்லை. விதைக்காக விற்கிற பாக்கெட்டில் இளஞ்சிவப்போ நீலமோ பச்சையோ பூசியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி கலந்த விதை நேர்த்தி. அதை எக்காரணம் கொண்டும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அப்படித் தெரியாத விதைகளுக்கும், நைக்ராவா ஜன்சியாவா என்ற பழைய சந்தேகத்துக்கும் ஒரே வழி, ஒரு தொட்டியில் பத்து விதையைப் போட்டு வளரவிடுவதுதான். சில நாட்களிலேயே முளைத்துவிடும். முதல் இரண்டு இலையும் நுனியில் வெட்டு விழுந்து இதய வடிவில் வந்தால் கடுகு, கோஸ் குடும்பம் என்பது உறுதி. பூக்கும் சமயம் தண்டின் மேல்பக்க இலைகளைப் பாருங்கள். இலையின் அடி தண்டைக் கட்டிப்பிடித்திருந்தால் ராபா, கட்டாமல் தனியாக நின்றால் ராபா இல்லை, ஜன்சியாவாகவோ நைக்ராவாகவோ இருக்கலாம். காய் வந்த பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. நைக்ராவின் காய் குட்டை, 1 முதல் 2 செ.மீ.தான், தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். ஜன்சியாவின் காய் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், தண்டை விட்டு விலகி நிற்கும். ஆல்பாவின் காயில் முரட்டு ரோமம் இருக்கும், நுனியில் வாள் மாதிரித் தட்டையான நீண்ட அலகு, உள்ளே நாலைந்து பெரிய விதைகள் மட்டும்.